பெயர் தெரியாத பூ

1

சில மாதங்களுக்கு முன் ஓர் இளங்கவிஞரின் தொகுதியைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதியபோது, அவருடைய முப்பத்தெட்டுக் கவிதைகளில் ஐந்தில் 'பெயர் தெரியாத பூ' வருகிறது என்று கணக்குச் சொல்லியிருந்தேன். பெயர் தெரியாத பறவை இரண்டு கவிதைகளில், பெயர் தெரியாத மரம் ஒன்றில். கணக்கு எழுதுவது என் தொழில்; பழக்கதோஷம். பெயர் தெரியாமை என்பது புதுக்கவிதையில் ஒரு மோஸ்தராகிவிட்டது, தெரியாததைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லாததற்கு இவர்கள் மர்மம் என்று பெயர் வைக்கிறார்கள் என்றெல்லாம் எழுதினேன். சற்றுக் கடுமையாகத்தான் எழுதினேன்.

கவிஞரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஒரே வரி. உங்கள் வீட்டுக் கொல்லையில் பூப்பவற்றுக்கெல்லாம் உங்களுக்குப் பெயர் தெரியுமா? நான் பதில் போடவில்லை. தெரியும் என்று நினைத்திருந்தேன்.

காரைக்காலுக்கு மேற்கே தருமபுரத்தில் நான் குடியிருக்கும் வீடு பழையது. கொல்லையில் ஒரு கிணறு, இரண்டு தென்னை, நந்தியாவட்டை, செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலைக் கன்று. ஐப்பசி மழைக்குப் பிறகு கிழக்கு மதிலோரம் நான் வைக்காத ஒரு செடி முழங்கால் உயரம் எழுந்து நின்றது. எதிரெதிராகச் சிறிய, வட்டமான, கொஞ்சம் தடிப்பான இலைகள். நுனியில் ஒரு கதிர், அதில் இலை மாதிரியே வட்டமான செதில்கள், ஒவ்வொரு செதிலின் கக்கத்திலும் ஒரு வெள்ளைப் பூ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. பூவுக்கு மேலும் கீழுமாக இரண்டு உதடு. கீழுதடு மூன்றாகப் பிரிந்து, அதில் செந்நீலப் புள்ளிகள். கவனித்துப் பார்த்தால் அழகானது. கவனிக்காவிட்டால் களை. கவிஞரின் கார்டு மேஜையில் கிடந்திராவிட்டால் நானும் அதைக் களையென்றே பிடுங்கிப் போட்டிருப்பேன்.

2

செல்போனில் படம் பிடித்துக் கேட்டேன். அது ஐந்து நிமிஷத்தில் நான்கு வெவ்வேறு பெயர்களைச் சொல்லியது. நான்குக்கும் ஒரே அளவு நம்பிக்கை. எனக்கு இந்த மாதிரி வாடிக்கையாளர்களைத் தெரியும். பிறகு தாவரவியல் படித்த நண்பர் ஒருவர் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலை இரவல் கொடுத்தார். கேம்பிள் 1915இல் தொடங்கியது. அவர் காலத்துக்குப் பின் ஃபிஷர் 1936இல் முடித்தது. படமில்லாத புத்தகம். ஒரு செடியை அதில் கண்டுபிடிக்கும் முறை, மாறிமாறி இரண்டு கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டே போவதுதான். இலை எதிரெதிரா, மாற்றடுக்கா? அல்லி இதழ்கள் சேர்ந்தவையா, பிரிந்தவையா? கேசரம் நான்கா, இரண்டா? ஒரு பதில் தப்பினால் வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். நான் மூன்று முறை போய்ச் சேர்ந்தேன்.

கடைசியில் கேசரம்தான் வழிகாட்டியது. இரண்டே கேசரம், ஒவ்வொன்றிலும் மகரந்தப்பை இரண்டு அறையாக, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கிறது, கீழறையின் அடியில் ஒரு சின்ன வால். இதைப் பார்க்க பாங்கில் கையெழுத்தைச் சரிபார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வால் இருந்தது. அதோடு இனம் ஜஸ்டீசியா என்று முடிவாயிற்று. ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக் கலைஞரின் ஞாபகமாக லின்னேயஸ் வைத்த பெயர் அது. நமக்குத் தெரிந்த ஆடாதோடையும் இந்த இனந்தான். இனத்துக்குள் இலையின் வட்டமும் செதிலின் வட்டமும் ஒத்து வந்தது ஒரே செடிக்கு. பெயரைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஜஸ்டீசியா ட்ராங்க்பாரியென்சிஸ். ட்ராங்க்பார் என்பது தரங்கம்பாடி. எங்கள் ஊரிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். உலகத்தில் எந்த நாட்டுத் தாவரவியல்காரனும் இந்தச் செடியை அடுத்த ஊரின் பெயரால் அழைக்கிறான். அடுத்த ஊர்க்காரனாகிய நான் அதைத் தெரிந்துகொள்ள லத்தீன் வழியாக ஒரு மாதம் நடந்திருக்கிறேன்.

3

தரங்கம்பாடியின் கதை பலருக்குத் தெரிந்ததே. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் வந்தார்கள். 1706இல் சீகன்பால்கும் புளூச்சாவும் வந்தார்கள். அச்சுக்கூடம் வந்தது, தமிழில் புதிய ஏற்பாடு வந்தது. 1845இல் டென்மார்க் அந்த ஊரை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டது. காரைக்கால் 1739இலிருந்து 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. இந்தக் கரையில் ஒரு பகல் நடந்தால் மூன்று ராஜாக்களின் சுங்கச்சாவடிகளைத் தாண்டவேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. செடிகளுக்குச் சுங்கமில்லை.

இலக்கியக்காரர்களாகிய நாம் தரங்கம்பாடியை அச்சோடு நிறுத்திக்கொள்கிறோம். அங்கே இன்னொரு வேலையும் நடந்தது. 1768இல் மிஷனுக்கு வைத்தியராக யோஹான் கெர்ஹார்ட் கோனிக் வந்தார். 1728இல் பால்டிக் கரையில் லிவோனியாவில் பிறந்தவர். உப்சாலாவில் லின்னேயஸிடம் நேரே படித்தவர். இங்கு வருவதற்கு முன் ஐஸ்லாந்தில் செடி சேகரித்தவர். அங்கே அவர் கண்ட ஒரு சிறு செடிக்கு 1767இல் லின்னேயஸ் கோனிகியா என்று பெயர் வைத்தார். பனிப்பிரதேசத்தில் பெயரை விட்டுவிட்டு இந்த வெயிலுக்கு வந்தார் மனிதர். மிஷன் சம்பளம் அவருடைய சேகரிப்புக்குப் போதவில்லை. 1774இல் ஆற்காட்டு நவாபிடம் இயற்கைநூல் அறிஞராக வேலைக்குச் சேர்ந்தார். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. சயாம், மலாக்கா வரை போய்வந்தார். 1785இல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் இறந்துபோனார்.

இந்த மனிதரின் பெயரை நாம் தினமும் தாளிக்கிறோம். கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் 1771இல் வைத்த பெயரில் கோனிகியை என்பது ஒரு பாதி. பின்னால் இனம் மாறியபோதும் அந்தப் பாதி மாறவில்லை. என் கொல்லையில் கிணற்றுக்கு மேற்கே ஒரு கோனிக் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

இங்கே பறித்து, காகிதத்துக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, கரப்பான் தின்னாமல் காப்பாற்றி, கப்பலில் ஏற்றிய செடிகள் உப்சாலாவுக்கும் லுண்டுக்கும் கோபன்ஹேகனுக்கும் போயின. லுண்டில் ரெட்சியஸ், கோபன்ஹேகனில் வால், பெர்லினில் வில்டெனோவ் என்று பலர் அவற்றுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். நம் செடி வருவது லின்னேயஸின் மகன் எழுதிய அனுபந்த நூலில். முகப்பில் 1781 என்றிருக்கும், வெளிவந்தது 1782. அதில் வரும் தென்னிந்தியச் செடிகளில் பெரும்பாலானவை கோனிக் அனுப்பியவை. தகப்பன் 1778இலேயே இறந்துபோயிருந்தார். மகனும் 1783இல் நாற்பத்திரண்டு வயதில் போய்விட்டார். அவர் இந்தியாவைப் பார்த்தவரல்ல. எங்கள் கொல்லைச் செடியைப் பச்சையாக, மழை நனைந்து நிற்கிறதாக, அதற்குப் பெயர் வைத்தவர் பார்த்ததில்லை.

இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பாங்கில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு மாதிரிக் கையெழுத்துக் கார்டு உண்டு. எதிரே ஆள் நின்றாலும் நான் ஆளைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை, கார்டைப் பார்த்துக் கொடுக்கிறேன். தாவரவியலிலும் ஒரு பெயருக்கு ஆதாரம் ஏதோ ஒரு நிலையத்தில் காகிதத்தில் ஒட்டிக் கிடக்கும் காய்ந்த மாதிரிதான். உலகத்துச் செடிகளையெல்லாம் குழப்பமில்லாமல் கணக்கு வைக்க இதைவிட நல்ல முறை இதுவரை ஏற்படவில்லை. ஆனால் கார்டை அறிவது ஆளை அறிவதாகாது என்பது பாங்கில் வேலை செய்கிற யாருக்கும் தெரியும்.

கோனிக்குக்குப் பின் அதே ஊரில் ஜான், ரோட்லர், க்ளெய்ன் என்று மிஷனைச் சேர்ந்தவர்கள் இந்த வேலையைத் தொடர்ந்தார்கள். இவர்களில் ரோட்லர் எனக்கு முக்கியமாகப் படுகிறார். 1776இல் வந்தவர், 1836இல் சென்னை வேப்பேரியில் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. அறுபது வருஷம். ஒரு கையால் செடி சேகரித்தார், இன்னொரு கையால் தமிழ்ச் சொற்களைச் சேகரித்தார். அவருடைய தமிழ் - இங்கிலீஷ் அகராதி 1834இல் வெளிவரத் தொடங்கி, அவர் மறைந்தபின் 1841இல் முடிந்தது. உலர்செடிகள் லண்டன் கிங்ஸ் கல்லூரி வழியாகக் கியூவுக்குப் போய்ச் சேர்ந்தன. சொற்கள் ஒரு கட்டிடத்தில், செடிகள் வேறொரு கட்டிடத்தில். சேகரித்தவனிடத்தில் அவை ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஒரு செடியைப் பறித்ததும் அவர் பக்கத்தில் நின்றவனிடம் இது என்ன என்றுதானே கேட்டிருப்பார்?

4

இதை எழுதும்போதுதான் உறைத்தது. நான் பக்கத்தில் நின்ற யாரிடமும் கேட்கவில்லை.

மதிலுக்கு அந்தப்புறம் எண்பது வயதை எட்டிக்கொண்டிருக்கும் ஓர் அம்மாள் இருக்கிறார். தெருவில் எல்லாருக்கும் ஆயா. நானும் ஆயா என்றுதான் கூப்பிடுவேன். கதிரோடு ஒரு கிளையை ஒடித்துக்கொண்டுபோய்க் காட்டினேன்.

"தவசு முருங்கையில்ல தம்பி இது! எங்க கெணத்தடியில பொதரா நின்னுச்சு. மவன் சிமெண்டு போட்டப்ப அழிஞ்சே போச்சுன்னு நெனச்சேன். ஒங்க பக்கம் எப்புடி வந்துச்சு?"

எப்படி வந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும், கேம்பிளைப் படித்திருந்தேனே. இந்தக் குடும்பத்துச் செடிகளின் காய் காய்ந்ததும் இரண்டாக வெடிக்கும். உள்ளே ஒவ்வொரு விதைக்கும் அடியில் கொக்கி மாதிரி ஒரு காம்பு. அது விதையைத் தூர எறிந்துவிடும். இடுப்பளவு மதில் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆயா வீட்டுப் புதர் அழிவதற்கு முன் எறிந்த விதை என் பக்கம் விழுந்திருக்கிறது. என் மர்மப் பூவின் பூர்வீகம் பன்னிரண்டு அடி தூரம்.

"எதுக்கு ஆயா ஆவும் இது?"

"அம்மை வாத்தா சாறு புழிஞ்சு ஊத்துவாங்க, சின்னப் புள்ளைங்களுக்கு. சூடு தணியும்பாங்க. அடிபட்டு வீங்கினா அரைச்சுப் பத்துப் போடறது."

ஆயாவின் முகத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு. தினமும் பார்க்கிற முகம் என்பதால் நான் அவற்றைப் பார்த்ததில்லை. கிளையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் குடுத்தாங்க. எந் தங்கச்சிக்கும் குடுத்தாங்க. ஒரே கிண்ணத்துலதான். நான் பொழச்சிக்கிட்டேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இந்த இலையின் மகிமையைப் பற்றி யாரும் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதிவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பெரியம்மையை ஒழித்தது அம்மைப் பால். இந்தியாவில் இங்கேயே தொற்றிய கடைசி நோயாளி 1975 மே மாதத்தில். உலகம் முழுவதிலும் ஒழிந்தது என்று 1980இல் அறிவித்தார்கள். வியாதி போனதும் அதற்குப் பிழிந்த இலையின் பெயரும் புழக்கத்திலிருந்து நழுவத் தொடங்கியிருக்கிறது. ஆயாவின் மகனுக்கு அது கிணற்றடிப் புதர். எனக்கு மர்மப் பூ. ஒரு தலைமுறையில் இவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து தேடினேன். ஒயிட்லா ஐன்ஸ்லி என்ற கம்பெனி வைத்தியர் 1826இல் லண்டனில் வெளியிட்ட மெட்டீரியா இண்டிகாவில் இந்தச் செடி இருக்கிறது. தவசு முருங்கை இலை என்ற தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் போட்டு, பெரியம்மை கண்ட குழந்தைகளுக்குத் தமிழ் வைத்தியர்கள் இதன் சாற்றைக் குளிர்ச்சிக்காகக் கொடுக்கிறார்கள் என்றும், நசுக்கிய இலையை அடிபட்ட இடத்தில் வைக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இருநூறு வருஷத்துக்கு முந்திய புத்தகமும் ஆயாவும் ஒரு விவரத்தில்கூட வேறுபடவில்லை. ஆயா அந்தப் புத்தகத்தைப் படித்தவரல்ல. ஆயாவின் பாட்டிக்குப் பாட்டி மாதிரி ஒருத்தியிடமிருந்து, நடுவில் ஒரு வைத்தியர் வழியாக, புத்தகத்துக்கு அது போயிருக்க வேண்டும்.

அந்த வைத்தியர் யார்? ஐன்ஸ்லிக்கு அவர் 'தமிழ் வைத்தியர்கள்' என்ற பன்மையில் ஒருவர். லத்தீன் நூலில் அந்தப் பன்மைகூட இல்லை. இப்படித்தான் எல்லா இடத்திலும் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. கொச்சியிலிருந்து வான் ரீட் தொகுத்து 1678க்கும் 1693க்கும் இடையில் ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் சாட்சியம் அவர் பெயரோடு அச்சாகியிருக்கிறது. ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகியோரின் சாட்சியமும் இருக்கிறது. நூறு வருஷம் முன்னால் மலையாளக் கரையில் செய்ய முடிந்தது, சோழ மண்டலக் கரையில் செய்யப்படவில்லை. செடியின் தலைவிதியிலும் இது தெரிகிறது. ஆடாதோடை தன் நாட்டுப் பெயரோடேயே லத்தீனுக்குள் போய்விட்டது. அதன் தங்கையான தவசு முருங்கைக்குப் பெயர் போய்த் துறைமுகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. சரக்கு மூட்டையில் சரக்கின் பெயருக்குப் பதில் ஏற்றிய இடத்தைக் குறிப்பது போல. அந்தத் துறைமுகத்தின் பெயரும் நிலையானதல்ல. அங்குள்ள மாசிலாமணிநாதர் கோவில் கல்வெட்டில் ஊர் சடங்கன்பாடி.

5

பெருமை யாருக்கு என்ற வழக்கு தருமபுரத்துக்குப் புதிதல்ல. இது யாழ்முரிநாதர் கோவில் உள்ள ஊர். சேக்கிழார் சொல்லும் கதை தெரிந்ததே. இது திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர். சம்பந்தரின் பதிகம் இவ்வளவு பரவியதற்குக் காரணம் எங்கள் பிள்ளையின் யாழ்தான் என்று அவருடைய சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். கேட்ட யாழ்ப்பாணர் கலங்கிப்போய், யாழில் அடங்காத ஒன்றைப் பாடியருளுமாறு சம்பந்தரை வேண்டினார். பாடினார். கருவி தோற்றது. பாணர் யாழை உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார். பக்தர்கள் இதில் பாட்டின் உயர்வைப் பார்க்கிறார்கள். எனக்கு எப்போதும் அந்தச் சொந்தக்காரர்களின் நினைவுதான். அவர்கள் சொன்னது முழுப் பொய்யாக எப்படியிருக்க முடியும்? யாழ் இல்லாமல் பதிகம் ஊர் ஊராகப் போயிருக்குமா? ஆனாலும் சேக்கிழார் யாழ்ப்பாணர் பெயரையாவது வைத்தார். தாய்வீட்டு ஊரையும் வைத்தார். நம் வைத்தியருக்கு அவ்வளவுகூட இல்லை.

இதில் ஐரோப்பியரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துக்கொள்வது சௌகரியம். அவர்கள் கேட்டார்களாவது. நம் நிகண்டுகளையும் அகராதிகளையும் புரட்டினால் எத்தனை சொல்லுக்கு 'ஒரு பூ', 'ஒரு மரம்' என்பதோடு பொருள் முடிந்துவிடுகிறது! கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கியிருக்கிறார். அவற்றில் சில பெயர்கள் ஏட்டில் உதிர்ந்துபோயிருந்தன. பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும்போது உ.வே. சாமிநாதையர் அலைந்து திரிந்து, விட்டுப்போனவற்றைத் தருமபுர ஆதீனத்து ஏட்டில் கண்டெடுத்தார். (அது மாயூரத்தை அடுத்த தருமபுரம், எங்களுடையதல்ல.) 1889இல் நூல் வந்தது. பெயர்கள் கிடைத்தன. அவற்றில் பல எந்தப் பூ என்று நிச்சயிக்க, புதுச்சேரி அரசில் அதிகாரியாயிருந்த பி.எல். சாமி போன்ற ஒருவர் பின்னால் உட்கார்ந்து செடியோடு சொல்லை ஒத்துப்பார்க்க வேண்டியிருந்தது. அவரோடு இன்றும் தர்க்கம் செய்கிறார்கள். ஆக, ஒரு பக்கம் பூவில்லாத பெயர்கள். என் கொல்லையில் பெயரில்லாத பூ. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஆயாவைப் போன்றவர்கள்தான். புலவர்களும் சரி, நாமும் சரி, மதிலுக்கு அந்தப்புறம் எட்டிப் பார்க்கவில்லை.

என் தேடலின் வரிசையைத் திரும்பப் பார்க்கிறேன். முதலில் யந்திரம், பிறகு இங்கிலீஷ் புத்தகம், பிறகு லத்தீன், பிறகு டென்மார்க்கும் ஸ்வீடனும். கடைசியில்தான் அண்டை வீடு. இது என் செடி விஷயத்தில் மட்டும் நடந்ததா என்று யோசிக்கிறேன். இந்தப் பக்கங்களில் நான் எழுதிய விமர்சனங்களுக்கும் இதே வரிசைதான். பி.ஏ. வகுப்பில் கீட்ஸின் பறவை எந்தப் பறவை என்று தெரியும், வேர்ட்ஸ்வொர்த்தின் பூ எந்தப் பூ என்று தெரியும். அவை இரண்டையும் நான் இன்றுவரை பார்த்ததில்லை.

கவிஞருக்குப் பதில் எழுத வேண்டும். அவருடைய ஐந்து பூக்களைப் பற்றி நான் சொன்னதை முழுவதும் வாபஸ் வாங்கப் போவதில்லை. பெயர் தெரியாது என்று ஒருவன் எழுதலாம். கேட்டும் தெரியவில்லை என்றால் அது ஓர் அனுபவம். கேட்கவேயில்லை என்றால் அது கவிதையில் எங்காவது தெரிந்துவிடும். அவர் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. நான் அவரிடம் அதைக் கேட்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அந்த அளவுக்கு என் கட்டுரை தப்பு.

ஆயா போன வாரம் மதிலுக்கு மேலாகக் கேட்டார். "தம்பி, அத புடுங்கிப்புடாதீங்க. காயி முத்துனா எனக்கு ரெண்டு விதை குடுங்க."

எங்கே போடுவீர்கள் ஆயா, எல்லாம் சிமெண்டாயிருக்கிறதே என்றேன்.

"ஒரு டப்பாவுல போட்டுக்கறேன்" என்றார்.